வெயிலும் உப்புக்காற்றும் தின்ற பழைய கார் பெயிண்டை மீட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் ஓலைச் சாய்ப்பிலும் தென்னை மூட்டிலும் வருடக்கணக்கில் ஒதுங்கிக் கிடக்கும் அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஜீப் ஆகியவற்றை வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் தொடங்கும்: "பெயிண்ட் போச்சு, சுரண்டிட்டுப் புதுசா அடிச்சிரலாமா?" அவசரப்படாதீர்கள் என்பதே என் பதில். கம்பெனியில் அடித்த பெயிண்ட் ஒரு காருக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். சுரண்டிப் போட்டால் எத்தனை லட்சம் கொடுத்தாலும் திரும்பாது. முதலில் அதைக் காப்பாற்ற முடியுமா என்று பாருங்கள். புதுப் பெயிண்ட் அடிக்கும் வழி எப்போதும் திறந்தேதான் இருக்கும்.

கார் முழுக்க வெளுத்துவிட்டது, தடவினால் கையில் மாவு மாதிரி ஒட்டுகிறது. பெயிண்ட் செத்துவிட்டதா?

அநேகமாக இல்லை. பெயிண்டில் நிறமி ஒன்று, அதைப் பிடித்துவைக்கும் பிசின் ஒன்று. வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்பரப்பில் உள்ள பிசினைத்தான் முதலில் சிதைக்கும். பிடிமானம் போன நிறமி பொடியாக உதிரும். கையில் ஒட்டுவது அந்தப் பொடி. அதற்கு அடியில் வெயில் படாத பெயிண்ட் நல்லபடியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. டிக்கி மூடியின் உள்பக்கத்தையும், கதவைத் திறந்தால் தெரியும் தூணையும், பீடிங் ரப்பருக்கு அடியையும் பாருங்கள். அங்கே தெரிவதுதான் உங்கள் காரின் அசல் நிறம். வெளியே வெளிறிய ரோஸ் நிறத்தில் இருக்கும் கார் உள்ளே நல்ல மெரூனாக இருப்பதைப் பார்த்தால் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

சிவப்பு சீக்கிரம் வெளுக்கும். வெள்ளை நிறம் மாறாமல் பொடி மட்டும் விடும். அதனால் வெள்ளைக் காரில் கோளாறு கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும்.

நம்ம ஊரில் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது?

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. காருக்கு உலர நேரமே கிடைப்பதில்லை. முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கம் உப்புக்காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று மண்ணையும் வாரிக்கொண்டு வந்து காரில் அடிக்கும். குலசேகரம், அருமனைப் பக்கம் மர நிழலும் ஈரமும் ஓயாது. அங்கே பெயிண்ட் வெளுப்பதைவிடப் பாசியும் பூஞ்சையும்தான் தொல்லை. ஆக, கடற்கரைக் காருக்குத் துருவைத் தேடுங்கள், மலையடிவாரக் காருக்குக் கறையைத் தேடுங்கள்.

என் காரில் இருப்பது எந்த வகைப் பெயிண்ட் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் தொட வேண்டாம். வெளியே அதிகம் தெரியாத இடத்தில், கதவின் கீழ்ப்பகுதி மாதிரி, சுத்தமான வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு அழுத்தித் தேயுங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் அது ஒற்றைப் பூச்சு. நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் இருக்கும். நிறம் ஏறாமல் சாம்பல் அழுக்கு மட்டும் வந்தால் மேலே கிளியர் கோட் என்னும் நிறமற்ற மேல்பூச்சு இருக்கிறது. கிளியர் கோட் உலகம் முழுக்கப் பரவியது 1980-களுக்குப் பிறகுதான். அதனால் 1970-களின் காரில் கிளியர் இருந்தால், இடையில் யாரோ திருப்பி அடித்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஒற்றைப் பூச்சிலும் இரண்டு வகை உண்டு: லாக்கர், எனாமல். மறைவான இடத்தில் லாக்கர் தின்னரைத் துணியில் ஒரு சொட்டு தொட்டுத் துடைத்தால் லாக்கர் உடனே கரைந்து துணியில் வரும். நன்றாக இறுகிய எனாமல் அப்படிக் கரையாது, சில சமயம் சுருங்கும். ஒர்க்ஷாப்பில் இன்றைக்கும் டூகோ என்று சொல்கிறார்களே, அது அமெரிக்காவின் டுபாண்ட் கம்பெனி 1923-ல் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரின் பெயர். லாக்கருக்கு மேல் எனாமல் அடிக்கலாம். எனாமலுக்கு மேல் லாக்கர் அடித்தால் தின்னர் அடியில் உள்ளதைத் தூக்கிவிடும். பின்னால் டச்சப் செய்யும்போது இந்த விவரம் தேவைப்படும்.

ஒற்றைப் பூச்சிலேயே மெட்டாலிக் நிறம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். தேய்க்கத் தேய்க்க அலுமினியத் துகள் வெளியே வந்து திட்டுத்திட்டாகிவிடும்.

எவ்வளவு பெயிண்ட் மிச்சம் இருக்கிறது என்று அளக்க முடியுமா?

முடியும். கனம் அளக்கும் மீட்டர் ஒன்று ஆன்லைனில் கிடைக்கும், டீட்டெய்லிங் (கார் மெருகேற்றும்) கடைகளிலும் வைத்திருப்பார்கள். கம்பெனிப் பெயிண்ட் சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். 80-க்குக் கீழே காட்டும் இடத்தில் பாலிஷ் மெஷினே வேண்டாம். 300-ஐத் தாண்டினால் மறுபடி அடித்திருக்கிறார்கள் அல்லது அடியில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) இருக்கிறது. மீட்டர் இல்லையா, சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். பட்டி இருக்கும் இடத்தில் பிடிக்காது. மட்கார்டு, கதவின் அடி, சக்கர வளைவு இவற்றில்தான் பெரும்பாலும் பட்டி இருக்கும்.

பானெட்டின் நடு மடிப்பு, மட்கார்டு விளிம்பு மாதிரி எடுப்பான இடங்களில் முதல் நாளிலிருந்தே பெயிண்ட் மெலிசு. அங்கே அடியில் உள்ள சாம்பல் அல்லது செங்காவி பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) நிழலாடினால் நிறுத்திக்கொள்ளுங்கள். பாலிஷ் போட்டு இல்லாத பெயிண்டை வரவழைக்க முடியாது.

முதல் கழுவலை எப்படிச் செய்வது?

காய்ந்த துணியால் தூசி தட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். கடற்கரை மண் கலந்த தூசியைக் காய்ந்த துணியால் இழுத்தால் கீறல்தான் விழும். நிழலில் நிறுத்தி, முதலில் நிறையத் தண்ணீர் விட்டு மண்ணை இறக்கி, அப்புறம் கார் ஷாம்பு. இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று சோப்புக்கு, இன்னொன்று துணியை அலச. கடைசி அலசலுக்கு உப்புத்தண்ணீர் போர்வெல்லைப் பயன்படுத்தாதீர்கள், காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி விழும். மழைத்தண்ணீர் பிடித்துவைத்திருந்தால் அதைவிட நல்லது கிடையாது.

ஒர்க்ஷாப் பனியன் வேஸ்ட் எண்ணெய் துடைக்கத்தான். அதில் தையல் முடிச்சும் முரட்டு நூலும் கலந்திருக்கும். பழைய பெயிண்டின் மேல் மைக்ரோபைபர் அல்லது நன்றாகத் துவைத்துப் பழகிய டர்க்கித் துண்டு மட்டும் போகட்டும்.

கழுவிக் காய்ந்தபின் விரலில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு தெரியும். அதை க்ளே பார் என்னும் களிமண் போன்ற கட்டியால் எடுக்க வேண்டும். வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் தாராளமாக விட்டு, அழுத்தாமல் இழுங்கள். க்ளேயில் காரின் நிறம் ஏறும், ஒற்றைப் பூச்சில் அது இயல்பு.

சக்கைப் பிசின் (பலா), கொல்லாமரப் பால் (முந்திரி), காக்கா எச்சம் ஒட்டிக் கிடக்கிறது. எப்படி எடுப்பது?

சக்கை வெட்டிய கைக்கு என்ன போடுவோமோ அதுதான் இங்கேயும்: தேங்காய் எண்ணெய். பிசின் மேல் எண்ணெய் நனைத்த பஞ்சை வைத்து ஊறவிடுங்கள், நகத்தால் சுரண்டாதீர்கள். இளகி வந்ததும் ஒற்றி எடுத்துவிட்டு, எண்ணெய் மிச்சம் இல்லாமல் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். கொல்லாமரக் கறை அரிக்கும் தன்மை உள்ளது. நாளானால் பெயிண்டையே அரித்துக் குழி விட்டிருக்கும். கறையை எடுத்த பின்னும் அதன் வடிவம் தெரிந்தால் அது கறை அல்ல, அரிப்பு. எச்சமும் அப்படியே. ஆழம் குறைவென்றால் பாலிஷில் போகும், கூடுதலென்றால் அப்படியே இருக்கட்டும்.

டிரைவர்கள் மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார்கள், பளபளவென்று இருக்குமே?

இரண்டு நாளைக்கு இருக்கும். மண்ணெண்ணெய், டீசல், தேங்காய் எண்ணெய் எல்லாமே மேலே ஈரமாக நின்று கண்ணை ஏமாற்றும். பிறகு தூசியைப் பிடித்துவைக்கும், அடுத்த துடைப்பில் அந்தத் தூசியே கீறும். பற்பசையும் வேண்டாம்.

அப்படியென்றால் 'எண்ணெய் ஊற வைப்பது' என்கிறார்களே, அது என்ன?

அது வேறு. பழைய ஒற்றைப் பூச்சு பெயிண்டை மீட்பதில் மிக முக்கியமான வேலை இதுதான், நம் ஊரில் யாரும் செய்யாததும் இதுதான்.

காய்ந்துபோன ஒற்றைப் பூச்சில் நுண்ணிய துளைகள் இருக்கும். நேரே ரப்பிங் காம்பவுண்டும் (சுரண்டி மெருகேற்றும் பசை) மெஷினும் போட்டால் அந்த வறண்ட பெயிண்ட் பொடிப்பொடியாகப் பிய்ந்து வரும். அதற்கு முன் எண்ணெய்ச் சத்து கூடிய, சுரண்டும் துகள் இல்லாத, சிலிக்கான் இல்லாத கிளேஸ் என்னும் பளபளப்புத் திரவத்தைப் பெயிண்டுக்குள் ஊறவிட வேண்டும். மெக்வயர்ஸ் 7-ஆம் எண் ஷோ கார் கிளேஸ் இதற்காகவே பழைய கார்க்காரர்களிடம் பேர் வாங்கியது.

டர்க்கித் துண்டின் மடிப்பில் தாராளமாக ஊற்றுங்கள், தொட்டுக்கொள்வதுபோல் அல்ல. ஒரு கதவை எடுத்துக்கொண்டு வட்டமாக, மிதமான அழுத்தத்தில் தேயுங்கள். முதல் சுற்றில் துணி அப்படியே காரின் நிறத்துக்கு மாறும். கரும்பச்சை அம்பாசடர் என்றால் துணி பாசி பிடித்த கல் நிறத்தில் இருக்கும். அது மேலே செத்துக் கிடந்த பொடி. துணியைத் திருப்பிப் போட்டுத் தொடருங்கள். சில இடங்களில் கிளேஸ் போட்டதும் உறிஞ்சிக்கொண்டு மங்கிவிடும். அந்த இடம்தான் ரொம்ப வறண்டது, அங்கே இன்னொரு தடவை ஊற்றுங்கள். பிறகு மேலே கனமாக ஒரு பூச்சு தடவி, நிழலில் ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் துடைத்துப் பாருங்கள். இன்னும் உறிஞ்சுகிறது என்றால் மறுபடி ஒரு ராத்திரி.

துடைத்த கதவையும் தொடாத கதவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே காரின் கதவுகள் என்று நம்ப முடியாது. இந்தக் கட்டத்திலேயே திருப்தியானால் மெழுகு பூசி நிறுத்திக்கொள்ளலாம், ஒரு மைக்ரானும் வெட்ட வேண்டியதில்லை. கிளியர் கோட் காருக்கு இதனால் பலன் இல்லை.

பெயிண்ட் அடிக்கப்போகும் இடத்துக்கு மட்டும் இதைப் போடாதீர்கள். எண்ணெய் தங்கினால் புதுப் பெயிண்டில் மீன்கண் மாதிரிக் குழி விழும்.

மெஷின் போடலாமா?

போடலாம். ஆனால் முதலில் ஒரு சதுர அடியில் சோதனை. மிக மென்மையான பாலிஷ், மென்மையான ஃபோம் பேடு இவற்றில் தொடங்குங்கள். போதவில்லை என்றால் மட்டும் அடுத்த படி. எடுத்த எடுப்பில் ரப்பிங் காம்பவுண்டும் கம்பளிப் பேடும் போடுவதுதான் நம் ஊர்ப் பழக்கம். ஐம்பது வருடப் பெயிண்டுக்கு அது தாங்காது.

புதிதாகப் பழகுபவர்கள் டூயல் ஆக்ஷன் மெஷினை எடுங்கள். சுழன்றபடியே ஆடும் மெஷின் அது, ஒரே இடத்தைச் சூடாக்காது. நேராகச் சுற்றும் ரோட்டரி மெஷின் வேகமாக வெட்டும், விளிம்பில் ஒரு நொடி நின்றால் பிரைமர் தெரிந்துவிடும். ரோட்டரிதான் இருக்கிறது என்றால் 1000 முதல் 1500 ஆர்.பி.எம்-க்குள் ஓட்டுங்கள். மடிப்பு, விளிம்பு, பீடிங், எழுத்துகள் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அந்த இடங்களைக் கடைசியில் கையால் செய்துகொள்ளலாம்.

இரண்டடிச் சதுரமாகப் பிரித்து மெதுவாக நகர்த்துங்கள். புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சூடு தெரிந்தால் நிறுத்துங்கள். பேடு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், ஏனென்றால் வெட்டிய பெயிண்ட் அதில்தான் சேரும். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். ஒரு காருக்கு ஒரே பேடு என்பது நடக்காது.

வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) போடலாமா?

கனம் அளந்து, போதுமான பெயிண்ட் இருக்கிறது என்று உறுதியான இடத்தில் மட்டும், 2000 அல்லது 3000 நம்பர், தண்ணீரில் ஊறவைத்து. முழுக் காருக்கும் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பெயிண்டில் மயிர்க்கோடு வெடிப்பு, கொப்புளம் இருக்கிறது. பாலிஷில் போகுமா?

போகாது. வெடிப்பு என்பது பெயிண்ட் முழுக் கனத்துக்கும் பிளந்த நிலை. பாலிஷ் போட்டால் வெள்ளைக் கோடாக உள்ளே தங்கி இன்னும் அசிங்கமாகத் தெரியும். கொப்புளம் என்றால் அடியில் துரு. வெளியே ஒரு ரூபாய் அகலம் தெரிந்தால் உள்ளே அதைவிட அதிகம் பரவியிருக்கும். அதைத் திறந்து, தகடு வரை சுத்தம் செய்து, ஓட்டை விழுந்திருந்தால் டிங்கரிங் செய்து, பிரைமர் அடித்துத்தான் ஆக வேண்டும். மேல் துரு மட்டும் என்றால் துருவை மாற்றும் திரவம் தடவி, காய்ந்ததும் பிரைமர்.

கதவின் அடியிலும் கால்படிக்குக் கீழும் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகள் இருக்கும். சருகும் மண்ணும் அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். கடற்கரைக் கார்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் உள்ளுக்குள் அரிபடத் தொடங்குகின்றன.

ஒரு கதவை மட்டும் அடித்தால் நிறம் சேருமா?

சேரும், ஆனால் வரிசை முக்கியம். மற்ற இடமெல்லாம் மீட்டு முடித்த பிறகுதான் நிறம் கலக்க வேண்டும். வெளுத்த காரைக் காட்டிக் கலந்துவிட்டு அப்புறம் பாலிஷ் போட்டால் அந்தக் கதவு மட்டும் தனியாக வெளிறித் தெரியும். பெட்ரோல் டேங்க் மூடி மாதிரிக் கழற்ற முடிந்த ஒரு பாகத்தைப் பாலிஷ் செய்து, பெயிண்ட் கடைக்கு எடுத்துப் போங்கள்.

மழைக்காலத்தில் லாக்கர் அடித்தால் வெள்ளை மூட்டம் விழும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதுதான் காரணம். ஜனவரி, பிப்ரவரி நமக்கு வறண்ட மாதங்கள், அடிப்பதை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். அடித்த உடனே மெழுகு பூசாமல் ஒரு மாதமாவது மூச்சு விடட்டும்.

உடம்புக்கு ஏதாவது ஆபத்து உண்டா?

உண்டு, இதை லேசாக எடுக்க வேண்டாம். பழைய மஞ்சள், சிவப்புப் பெயிண்டில் ஈயம் கலந்த நிறமி இருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது, நனைத்தே தேயுங்கள். மாஸ்க் போடுங்கள், குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் செய்யாதீர்கள், அந்தக் கையோடு சாப்பிட உட்காராதீர்கள். இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்த டூ-கே பெயிண்ட் அடிப்பதை வீட்டில் செய்யவே வேண்டாம். அதில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும், துணி மாஸ்க் அதைத் தடுக்காது.

குரோம் பம்பர்?

மேலோட்டமான துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். உரிந்துபோன குரோமுக்கு மறுபடி முலாம் பூசுவதுதான் வழி.

மீட்டபிறகு மெழுகா, செராமிக் கோட்டிங்கா?

பழைய ஒற்றைப் பூச்சுக்கு நான் கார்னோபா மெழுகைத்தான் சொல்வேன். செராமிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், நாளைக்கு எடுக்க வேண்டுமென்றால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்ட நம்மிடம் பெயிண்ட் மிச்சம் இல்லை. மெழுகைக் கடற்கரைப் பக்கம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும், உள்ளே நாகர்கோவில், தக்கலைப் பக்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பூசினால் போதும்.

கவர் போட்டு மூடி வைக்கலாமா?

கூரைக்குக் கீழே, காற்றோட்டமான துணிக் கவர் என்றால் சரி. திறந்தவெளியில் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். ஈரமும் உப்பும் உள்ளேயே வெந்துகொண்டிருக்கும். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்து ஆடி மாதக் காற்றில் தளர்ந்த கவர் படபடவென்று அடித்து, இடையில் புகுந்த மண்ணை வைத்துப் பெயிண்டை அரைத்துவிடும். தென்னைக்கு அடியில் நிறுத்தாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வின்டேஜ் என்று பதிவு செய்ய பெயிண்ட் முக்கியமா? நிறத்தை மாற்றலாமா?

பழைய கார் கிளப்புகள் 1919 முதல் 1930 வரை வந்த கார்களைத்தான் வின்டேஜ் என்பார்கள். அரசு விதி வேறு. 2021-ல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றாமல் அசல் நிலையில் வைத்திருக்கும் சொந்த உபயோக வண்டி வின்டேஜ். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் ஓட்டலாம், தினசரி உபயோகத்துக்கு அல்ல. ஆர்.சி-யில் இருக்கும் நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். முடிந்தவரை மாற்றாதீர்கள்.

எனக்கு நேரமில்லை, கடையில் கொடுக்கிறேன். என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

விடுவதற்கு முன் நீங்களே வெயிலில் நிறுத்தி எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துவையுங்கள். கடைக்காரரிடம் இது ஒற்றைப் பூச்சு, கிளியர் இல்லை என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். புதுக் கார்களையே பார்க்கும் பையன்கள் பேடில் நிறம் வந்ததும் பயந்து நிறுத்துவார்கள், இல்லையென்றால் கவனிக்காமல் ஓட்டிவிடுவார்கள். டிக்கி மூடியில் ஒரு சதுர அடி மட்டும் முதலில் செய்து காட்டச் சொல்லி, அதை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மீதிக்குச் சம்மதம் சொல்லுங்கள். வாட்டர் பேப்பர் வேண்டாம், விளிம்புக்கு டேப் ஒட்டணும், மெல்லிசான இடத்தை விட்டுவிடணும் என்று ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிட்டு வாருங்கள். நீங்கள் பேசிய ஆளே மெஷின் பிடிப்பார் என்பது நிச்சயம் இல்லை.